பட்டியலில் வராத பத்தாவது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி, என்னோடு எடிட்டில் உட்கார்ந்த மோனிஷா என்னை மூன்று முறை கேட்டாள். முதல் முறை முதுகுவலி என்றேன். இரண்டாம் முறை கண் சரியில்லை என்றேன். இரண்டும் பொய்யில்லை. மூன்றாம் முறை அவள், "செல்வி எபிசோடைப் பத்தி நீங்களே எழுதினாதான் சார் சரி. நான் சொன்னா உங்க மேல பழி போடுற மாரி கீது" என்றாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் சாக்கு இல்லை.

ஒலிப்பதிவு வேலையில் நாற்பது ஆண்டுகள் இருந்திருக்கிறேன். முதல் முப்பத்தோரு ஆண்டுகள் வேறிடத்தில், நாடாவிலும் பிறகு கணினியிலும். கடைசி ஒன்பது ஆண்டுகள், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர் அறையில். அந்த அறைக்கு முப்பத்தெட்டுப் படிகள். பதினேழாவது படி மற்றவற்றைவிட உயரம், பார்த்து ஏறுங்கள். மைக்கை எங்கே வைப்பது, மின்விசிறிச் சத்தத்தை எப்படி எடுப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

நம் பாட்காஸ்ட்டைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். குன்றத்தூரிலும் மணிமங்கலத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஏறி, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, ஃபேக்டரி கேட் வரும்வரை கேட்பார்கள். கேட்டைத் தாண்டியதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் எந்த எபிசோடும் முப்பத்திரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தேன். அந்த விதிக்காக என்னை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள்.

நம் மென்பொருள் ஒவ்வொரு பேட்டியையும் நமக்கு முன்னால் கேட்கிறது. பேசியதை எழுத்தாக்குகிறது. இழுவையையும் இருமலையும் எடுக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சொற்களைச் சிவப்பில் பட்டியல் போட்டுத் தருகிறது. குரலை மாற்றச் சொன்னால் மாற்றுகிறது. நான் கையால் செய்த காலத்தில் ஒரு பேட்டிக்கு இரண்டு நாள் ஆகும். இது பதினோரு நிமிடத்தில் முடித்துவிடும். வந்த புதிதில் இதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பக்கத்துக்குப் பதினேழு தப்பு செய்தது. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தமிழும் அதற்குப் புரியாது, தெற்கேயிருந்து வந்த பெண்களின் தமிழும் புரியாது. நாங்கள் திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது. மூன்றாம் ஆண்டில் பக்கத்துக்கு இரண்டு தப்பு என்று வந்து நின்றது. பதினேழாக இருந்தவரை நான் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். இரண்டாகக் குறைந்ததும் சரிபார்ப்பதையும் குறைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வந்தாள். செல்வி என்பது நாங்கள் வைத்த பெயர்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. தென்மாவட்டத்துக் கிராமம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வாடகை அறையில் வேறு ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். கார்களுக்குள் போகும் வயர்க் கட்டுகளைச் செய்யும் ஒரு ஃபேக்டரியில், கான்ட்ராக்டர் வழியாக ட்ரெய்னியாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெண் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி நாங்கள் செய்த வரிசையில் பேச ஒத்துக்கொண்டாள். வார விடுமுறையன்று காலை பத்து மணிக்கு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது இதுதான்.

"வேல போயிரக் கூடாது சார். தங்கச்சி காலேஜ் படிக்கா. அவ முடிக்கதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு."

பெயர், ஊர், கம்பெனி எதுவும் வெளியே வராது, குரலையும் மாற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன். மாற்றிய குரல் எப்படி இருக்கும் என்று வேறொரு பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எங்க பெரியம்ம மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அதன் பிறகுதான் தாராளமாகப் பேசினாள்.

லைனில் நிற்கிற பெண் இடத்தை விட்டு நகர்ந்தால் பீஸ் தேங்கிவிடும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கி நிற்க வேண்டும். மாற்றுக்கு நிற்கும் பெண்ணை ரிலீவர் என்கிறார்கள். அவர்கள் ஃபேக்டரியில் இரண்டு லைனுக்கு ஒரே ஒரு ரிலீவர். அவள் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. செல்விக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. தினமும் மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பாட்டில் நெறையத் தண்ணி கொண்டுட்டுப் போவேன் சார். அப்படியே திரும்பக் கொண்டாருவேன். அந்தத் தண்ணியிலதான் ரூம்ல அரிசி களைவோம்."

அந்த இரண்டு வரி போதும். நல்ல தயாரிப்பாளராக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பேன். எனக்கு எண் வேண்டியிருந்தது. ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம்தான் என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன். ஒரு நிமிடத்துக்குள் என்றாள். சரியாகச் சொல் என்றேன். மூன்றாவது முறை கேட்ட பிறகு சொன்னாள்.

"அம்பத்திரெண்டு செகண்டு சார். தலைக்கு மேல போர்டுல போட்ருக்கும்."

ஐம்பத்திரண்டு நொடியில் ஏழு கிளிப் மாட்ட வேண்டும். கழிவறைக்குப் போய்வர ஆறு நிமிடம். அங்கேயே உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். ஒருமுறை போய்வந்தால் கிட்டத்தட்ட ஏழு பீஸ் போகிறது. எபிசோட் கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது. வெறும் புலம்பல் என்று யாரும் ஒதுக்க முடியாது, கணக்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் மோனிஷாவும் நானும் எடிட்டில் உட்கார்ந்தோம். மென்பொருள் ஒன்பது சொற்களைச் சிவப்பில் போட்டிருந்தது. அவள் பெயர், தங்கை பெயர், கிராமம், தங்கை படிக்கும் கல்லூரி, கம்பெனி, சூப்பர்வைசர் பெயர், பஸ்ஸின் ரூட் எண், அறையின் சொந்தக்காரர் பெயர், டாக்டர் பெயர். ஒன்பதையும் எடுத்தோம். குரலை ஐம்பது வயதுக்காரியின் குரலாக மாற்றினோம். பேச்சு வழக்கைப் பற்றியும் யோசித்தோம், யோசிக்காமல் இல்லை. அவளுடைய தென்மாவட்டத் தமிழ் அப்படியே இருந்தது. ஆனால் இந்தச் சாலையில் போகிற எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் அந்தத் தமிழ் பேசுகிற பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். மொத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அதை விட்டோம்.

முடிக்கிற நேரத்தில் மோனிஷா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், இந்த அம்பத்திரண்டு வோணுமா?"

ஏன் என்று கேட்டேன்.

"தெர்ல சார். எங்க அக்கா லைன்ல இருந்தப்போ அவளுக்கும் இத்தினி செகண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. வூட்ல அத வெச்சுதான் அவளக் கூப்டுவோம். நாப்பத்தொண்ணு, சாப்ட வாடின்னு."

நான் சிரித்தேன். நல்ல வேடிக்கை என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். பட்டியலில் இருந்த ஒன்பதில் ஒன்பதும் எடுத்தாகிவிட்டது, அந்த எண்ணையும் எடுத்துவிட்டால் எபிசோடில் மிஞ்சுவது என்ன என்று கேட்டேன். அவள் திரும்ப ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் சொன்னது சரியென்று பட்டதால் அவள் பேசாமல் இருக்கவில்லை. நான் அவளைவிட நாற்பத்து மூன்று வயது மூத்தவன், அதனால் பேசாமல் இருந்தாள். இதை அவள் பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

முடித்த எபிசோடைச் செல்விக்கு அனுப்பி ஒருமுறை கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். "நீங்க பாத்துக்கிடுங்க சார்" என்று அவள் கிளம்பும்போது சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு, முதல் ஷிஃப்ட் பஸ்கள் கிளம்புகிற நேரத்துக்கு வெளியிட்டோம். பதினொன்று பத்துக்குச் செல்வி கூப்பிட்டாள். அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிஃப்ட். அறையில் இருந்தாள். அவளோடு தங்கியிருக்கிற இன்னொரு பெண் அதே லைனில் காலை ஷிஃப்ட். அவள் இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறாள். காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் பஸ்ஸிலேயே எபிசோடைக் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர்கள் மட்டும் போனை உள்ளே கொண்டுபோகலாம். ஒன்பது மணிக்கு லைனில் செல்வி நிற்கிற இடத்துக்கு, அவளுடைய ஸ்டேஷனுக்கு, பக்கத்தில் வந்து நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மேலே தொங்கும் போர்டைப் பார்த்திருக்கிறார். அங்கே நின்ற ஒடிசாப் பெண்ணிடம் மற்ற இரண்டு ஷிஃப்டிலும் இந்த இடத்தில் யார் என்று விசாரித்திருக்கிறார்.

"அவருக்கு என் பேரு கூடத் தெரியாது சார். இப்ப தெரிஞ்சிட்டு" என்றாள் செல்வி. அழவில்லை. மத்தியான ஷிஃப்டுக்கு வந்ததும் ஹெச்.ஆர். அறைக்குப் போகச் சொல்லி அவளுக்குத் தகவல் வந்துவிட்டது.

அவளுடைய பஸ் ஒன்று நாற்பதுக்கு. எங்களிடம் நூற்றைம்பது நிமிடம் இருந்தது.

எபிசோடை அதுவரை முன்னூற்றுப் பதினெட்டுப் பேர் இறக்கியிருந்தார்கள். முதலில் எனக்குத் தோன்றியது, எடுத்துவிடலாம் என்பது. அடுத்துத் தோன்றியது இன்னும் மோசம். மென்பொருளிடம் செல்வியின் குரல் முழுதாக இருந்தது. அவள் சொல்லாத எதையும் அவள் குரலிலேயே சொல்ல வைக்கலாம். ஐம்பத்திரண்டை நாற்பத்தெட்டாக மாற்றிவிட்டு எபிசோடைத் திரும்ப ஏற்றினால், சூப்பர்வைசர் மறுபடி கேட்கும்போது எண் பொருந்தாது, தான்தான் தப்பாகக் கேட்டதாக நினைத்துக்கொள்வார். மோனிஷாவிடம் சொல்லாமல் நானே செய்தேன். நான்கு நிமிடம் ஆனது. மூன்று முறை போட்டுக் கேட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் நாடாவை வெட்டி ஒட்டியவன் சொல்கிறேன், அத்தனை சுத்தமான ஒட்டை நான் போட்டதே இல்லை. ஒட்டு எங்கே என்று தெரிந்த எனக்கே கேட்கவில்லை.

ஏற்றுவதற்கு ஒரே ஒரு பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. மோனிஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டையும் கேட்டாள்.

"காலைல அம்பத்திரண்டு, மத்தியானம் நாப்பத்தெட்டு. அந்த ஆளு போன்ல காலைல எறக்கினது இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கேட்டான்னா வேற ஒண்ணுமே வோணாம் சார். அவதான்னு நாமளே எய்தி அனுப்பின மாரி."

முன்னூற்றுப் பதினெட்டு போன்களில் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எண்ணியவன் நான்தான். எண்ணியும் அது உறைக்கவில்லை.

எனக்கு முதலில் வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. விவசாயிகளுக்கான நிகழ்ச்சி ஒன்றில் பூச்சிமருந்தின் அளவைத் தப்பாக ஒட்டிவிட்டேன். ஒலிபரப்பும் ஆகிவிட்டது. மறு ஒலிபரப்புக்குள் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறேன் என்று நாடாவோடு அவரிடம் போனேன். அவர் நாடாவை வாங்கவில்லை. முதல் முறை கேட்டுவிட்டு இந்நேரம் வயலில் மருந்து கலக்கிக்கொண்டிருப்பவனுக்கு உன் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும், நீ திருத்துவது அவனுக்கா உனக்கா என்று கேட்டார். அன்று சாயங்காலம் தப்பைச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க வைத்தார். அந்தப் புதன்கிழமை பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்திருந்தபோது அவர் நினைவுக்கு வந்தார். நாற்பத்தெட்டு என்பது செல்விக்காக நான் போட்ட ஒட்டு இல்லை. அந்தத் தப்பு நடக்கவே இல்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளப் போட்டது.

எடுப்பதா, மாற்றுவதா, விடுவதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம். மோனிஷாவின் ஸ்கூட்டரில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். இருபத்திரண்டு நிமிடம். அறைக்குள் இரண்டு பெண்கள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். செல்வி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தலை வாரி, அடையாள அட்டையை மாட்டித் தயாராக இருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்டது வேறு.

"பேர எடுத்திய. ஊர எடுத்திய. என் கொரலையும் எடுத்துட்டிய. அந்த அம்பத்திரெண்ட மட்டும் எதுக்கு சார் விட்டிய?"

அது சரியான எண் என்பதால் விட்டேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரியா இருக்கப் போயித்தான சார் கண்டுபிடிச்சாவ."

ஒட்டுப்போட்ட பதிவை அவளிடம் கேட்கக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டாள். இயர்போனைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் நாப்பத்தெட்டுன்னு சொல்லவே இல்லையே."

எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுத்தால் தான்தான் என்று தானே போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள். மோனிஷா சொன்ன அதே காரணம், வேறு தமிழில். பிறகு, "போட்டது போட்டாச்சு. மத்த புள்ளையளாவது கேக்கட்டும்" என்றாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். பாட்டில் அதன் பக்கவாட்டில் இருந்தது. நிறைந்துதான் இருந்தது.

"கேட்டாவன்னா என்ன சார் சொல்லட்டும்?"

"உன் குரல் இல்லன்னு சொல்லிடும்மா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு கஷ்டம் இல்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஹெச்.ஆர். அறையில் நடந்ததை இரண்டு நாள் கழித்து அவளே போனில் சொன்னாள். அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: ஹெச்.ஆர். அம்மா, காலை சூப்பர்வைசர், கான்ட்ராக்டரின் ஆள். எபிசோடை இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். இது நீயா என்று அந்த அம்மா கேட்டார். நான் இல்லை என்றாள் செல்வி. அந்த அம்மாவுக்கும் அது வயதான ஒருத்தியின் குரலாகத்தான் பட்டிருக்கிறது. ஆமாம், இவள் குரல் இல்லையே என்றாராம். அதுவரை மென்பொருள் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. சூப்பர்வைசர் குரலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உன் ஸ்டேஷன் டைம் எவ்ளோம்மா?"

லைனில் போர்டு எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கும்போது அவள் வேறென்ன சொல்வாள்? ஐம்பத்திரண்டு என்றாள். அந்த ஃபேக்டரியில் அந்த நேரம் உள்ளது அந்த ஒரு ஸ்டேஷன்தான். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பெண்கள். ஒருத்தி ஒடிசா, ஒருத்தி காஞ்சிபுரம். எபிசோடில் பேசியவளின் தமிழ் அந்த இரண்டு பேரிடமும் கிடையாது. தென்மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் என்று நான் போட்ட கணக்கில் தப்பில்லை. அந்தத் தமிழையும் அந்த எண்ணையும் சேர்த்து வைத்து எத்தனை பேர் என்று எண்ணியிருந்தால் ஒன்று என்று வந்திருக்கும். அதை எண்ணவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. போய் வேலையைப் பார் என்றார்கள். மூன்று நாள் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று.

கான்ட்ராக்டரின் ஆபீஸுக்கு நான் நான்கு முறை போனேன். மூன்று முறை ஆள் இல்லை. நான்காம் முறை ஒரு மணி நேரம் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"பெரியவரே, அந்தப் பொண்ணு மேல ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல. ட்ரெய்னி தேவப்படல, அவ்ளோதான். நீங்க இன்னாத்துக்கு இப்டி அலையறீங்க? அது உங்களுக்கு இன்னா வோணும்?"

பாட்காஸ்ட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், பேசியது அவள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் என்றேன். சரி, வேறு இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்லவில்லை.

இருபத்து மூன்று நாள் கழித்து அறைத்தோழி ஒருத்தியின் மூலம் வேறொரு ஃபேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த இருபத்து மூன்று நாளும் வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. ஷிஃப்டுக்குப் போகிற நேரத்தில் அம்மா கூப்பிட்டால் போனை எடுக்காமல், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தானாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். பழைய ஃபேக்டரியில் அந்த இரண்டு லைனுக்கும் இரண்டாவதாக ஒரு ரிலீவரைப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அது ஒரு மாதம் இருந்தது. அதன் பிறகு இருக்கிறதா என்று தெரியவில்லை.

எண்ணை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்ததும் மென்பொருள்காரர்களுக்கு எழுதினோம். அவர்கள் பட்டியலில் எண்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது ஒரு எபிசோடுக்கு நூற்று நாற்பது எண்கள் சிவப்பில் வருகின்றன. வயது, மணி, பஸ் எண், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் வரும். நூற்று நாற்பதையும் யாரும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் விடு என்ற பட்டனை அழுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல வரவில்லை. நானும் அழுத்தியிருப்பேன். ஒரு வீட்டில் அக்காவை நாப்பத்தொண்ணு என்று கூப்பிட்டார்கள் என்பதை எந்தப் பட்டியலிலும் போட முடியாது. அது தெரிந்த ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொன்னால் காரணம் கேளுங்கள். "தெர்ல சார்" என்று ஆரம்பித்தால் கட்டாயம் கேளுங்கள்.

பட்டியலுக்குக் கீழே கையால் எழுத வேண்டிய ஒரு வரியை அப்போதுதான் சேர்த்தோம். இந்த எபிசோடில் பேசியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று அதில் எழுத வேண்டும். பேசியவரோடு ஒரே பஸ்ஸில் போகிறவர், ஒரே லைனில் நிற்கிறவர், அவர்மேல் கோபமாக இருக்கிறவர், இவர்களுடைய காதால் நீங்கள் கேட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். நூறுக்குக் கீழே வந்தால் ஏதோ ஒன்றை எடுத்தாக வேண்டும். சில தாள்களில் 'நிறைய' என்று எழுதியிருப்பதாக மோனிஷா சொல்கிறாள். நிறைய என்பது எண் இல்லை.

இதை எழுதி முடித்ததும் உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் செல்விக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் வரவில்லை. நான்காம் நாள் கூப்பிட்டாள். தங்கை படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்றாள். பிறகு இதைப் பற்றிச் சொன்னாள்.

"படிச்சேன் சார். எல்லாம் நடந்தபடியே எழுதியிருக்கிய. அதான் பயமா இருக்கு."

ஒரு தாளை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு இடமாகச் சொன்னாள். பாட்டிலையும் அரிசி களைவதையும் விடச் சொன்னாள், அது எல்லா ரூமிலும் நடக்கிறதுதானாம். ஐந்து இடங்களை மாற்றச் சொன்னாள். ஐந்தையும் மாற்றியிருக்கிறேன். நீங்கள் மேலே படித்த ஐம்பத்திரண்டு அவள் எண் இல்லை. ஏழு கிளிப்பும் இல்லை. ஆறு நிமிட வகுத்தலையும் புதிய எண்ணுக்குத் தக்கபடி திரும்பப் போட்டேன். மற்ற இரண்டு இடங்கள் எவை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தெரிந்தே ஒரு தப்பான எண்ணை வெளியே கொடுப்பது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சரியானது எது என்று மோனிஷாவிடம் கேட்காதீர்கள். அவள் சொல்ல மாட்டாள்.